தொண்ணூற்றாறு குழிகள்

ஒரு கத்தீட்டரோ கையுறையோ அறுவைத் தையல் நூலோ சந்தைக்கு வருவதற்கு முன்னால், அதில் ஒரு துண்டை வெட்டி ஊறவைத்து, அந்தச் சாற்றை உயிருள்ள செல்களின் மேல் ஊற்றிப் பார்ப்பார்கள். அந்த வேலையைச் சென்னைக்கு வெளியே ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் செய்தேன். பயோடெக்னாலஜி முடித்துவிட்டுச் சேர்ந்தபோது, சோதனை என்றால் பெரிய இயந்திரங்களும் திரையில் ஓடும் கோடுகளும் என்று நினைத்திருந்தேன். இயந்திரம் இருந்தது. ஒரு பிளேட்டைப் படித்து எண் தர அதற்கு ஒரு நிமிடம் போதும். மீதி நேரமெல்லாம் செல்களைப் பேணுவதிலேயே போகும். மீடியா என்கிற தீனிக் கரைசலை மாற்ற வேண்டும், நெரிசலானால் பிரித்துப் போட வேண்டும், உபரியை உறைய வைக்க வேண்டும், ஒவ்வொன்றையும் நோட்டில் எழுத வேண்டும். ஞாயிறு, பண்டிகை எதுவும் செல்களுக்குத் தெரியாது. தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்த தலையோடு வந்து மீடியா மாற்றிவிட்டுப் போனவர்கள் எங்களில் உண்டு.

பிரிவுத் தலைவியை எல்லோரும் மேடம் என்றே சொல்வோம். அவர் ஓயாமல் சொன்னது ஒன்றுதான்: “முதல்ல மைக்ராஸ்கோப்ல பாரு. அப்புறம் மெஷின்கிட்ட போ.” எவ்வளவு அவசர ரிப்போர்ட்டாக இருந்தாலும், எந்தக் கம்பெனிக்காரர் வரவேற்பறையில் காத்திருந்தாலும், கண்ணால் பார்த்ததை எழுதாமல் எண்ணை எடுத்துக்கொண்டு போனால் கையெழுத்துப் போட மாட்டார். அந்த விதியின் அருமை எனக்கு உடனே விளங்கிவிடவில்லை.

எங்கள் கூடத்தில் மிகுதியாகப் பயன்பட்டவை எல்929 செல்கள். 1940இல் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் வில்டன் ஏர்ல் என்பவர், நூறு நாள் வயதான ஆண் சுண்டெலி ஒன்றின் தோலுக்கடியில் இருந்த திசுவை எடுத்து வளர்க்கத் தொடங்கினார். 1948இல் அந்த வளர்ப்பிலிருந்து ஒரே ஒரு செல்லை நுண்குழலில் தனியாகப் பிரித்து, அதன் சந்ததியை மட்டும் பெருக்கினார்கள். உலகம் முழுக்க இன்று ஃப்ரீசர்களிலும் இன்குபேட்டர்களிலும் இருக்கிற எல்929 அத்தனையும் அந்த ஒரு செல்லின் வழி வந்தவை. சாதாரண மனிதச் செல்கள் ஏறக்குறைய ஐம்பது முறை பிரிந்ததும் நின்றுவிடும் என்று 1961இல் லெனார்ட் ஹேஃப்ளிக் காட்டினார். இவை நிற்பதில்லை. நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலுக்கு உறை ஊற்றுவதைப் போலத்தான், நிறைந்த பிளாஸ்கிலிருந்து கொஞ்சம் எடுத்துப் புதிய பிளாஸ்கில் போடுவோம். ஒவ்வொரு முறையும் பாசேஜ் எண் ஒன்று கூடும். எண் அதிகமாக ஏறிவிட்டால் செல்லின் குணம் மாறத் தொடங்கும். அப்போது அதைத் தள்ளிவிட்டு, உறைய வைத்ததில் இளைய பாசேஜ் ஒன்றை எடுப்போம்.

காலையில் இன்குபேட்டர் கதவைத் திறந்ததும் கண் போவது மீடியாவின் நிறத்துக்கு. அதில் கலந்துள்ள ஃபீனால் ரெட் என்ற சாயம், செல்கள் நலமாக இருந்தால் சிவப்பு காட்டும். கூட்டம் கூடிக் கழிவு சேர்ந்தாலும், பாக்டீரியா புகுந்தாலும் மஞ்சளாகிவிடும். கரியமில வாயு சிலிண்டர் தீர்ந்துபோனால் கருஞ்சிவப்பைத் தாண்டி ஊதாப் பக்கம் போகும். உள்ளே 37 டிகிரி, 5 சதவீதம் கரியமில வாயு. நிறத்தைப் பார்த்துவிட்டு மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தால், தரையோடு ஒட்டி இருபுறமும் நீண்டு கூர்மையாகக் கிடக்கும் செல்கள் நலமானவை. உருண்டு மேலே மிதப்பவை செத்தவை, அல்லது பிரியப்போகிறவை. இரண்டையும் பிரித்தறியப் பழகுவதற்கே எனக்கு வெகுநாள் பிடித்தது.

மீடியாவில் பத்தில் ஒரு பங்கு சீரம். சினைப் பசு வெட்டப்படும்போது வயிற்றில் இருக்கும் கன்றின் இரத்தத்திலிருந்து எடுப்பது அது. உறைந்த பாட்டிலாக வரும், கரைந்தால் தேன்நிறம், விலை எங்களைப் பயமுறுத்தும். பயிற்சிக்கு வந்திருந்த ஒரு பெண் லேபிளைப் படித்துவிட்டு, “பிராணிகளை வதைக்காத சோதனைன்னு சொல்றோம், அப்ப இது என்ன மேடம்?” என்று நேராகவே கேட்டாள். மேடம் மழுப்பவில்லை. சீரம் இல்லாத மீடியா பல செல்களுக்கு வந்துவிட்டது, நம் சோதனைக்குப் பழைய அளவீடுகள் எல்லாம் சீரத்தோடு எடுத்தவை, மாற்றினால் எல்லாவற்றையும் மறுபடி நிறுவ வேண்டும், அதற்குக் காசும் காலமும் வேண்டும் என்றார். அந்தப் பெண் தலையாட்டினாள், சமாதானமாகவில்லை. அவள் கேட்ட கேள்விக்கு இந்தத் துறை இன்னும் முழுப் பதில் சொல்லி முடிக்கவில்லை.

அதே கேள்வியை வேறு பக்கத்திலிருந்து பார்த்தவர் எங்கள் உதவியாளர் அண்ணன். கண்ணாடிச் சாமான்கள் கழுவி, ஆட்டோகிளேவ் ஏற்றி இறக்குபவர். எங்களிடம் வருவதற்கு முன் வேறோர் இடத்தில் முயல்களைப் பார்த்துக்கொண்டவர். 1944இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஜான் டிரெய்ஸ் முறைப்படுத்திய கண் எரிச்சல் சோதனைதான் அப்போதெல்லாம் நடைமுறை. சோதிக்கும் பொருளை முயலின் ஒரு கண்ணில் விட்டு, மற்றதை ஒப்பிட வைத்துக்கொண்டு, நாட்கணக்கில் சிவப்பையும் வீக்கத்தையும் மதிப்பெண் போட்டு எழுதுவார்கள். முயலுக்குக் கண்ணீர் குறைவு, விட்ட பொருள் கழுவிப் போகாது. “மொசலு கத்தாதும்மா. கத்தியிருந்தா நாங்களே எப்பவோ நிறுத்தியிருப்போம்” என்றார் ஒருநாள், பிப்பெட் டப்பாக்களை அடுக்கிக்கொண்டே. ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் விலங்குகளில் சோதித்த அழகுசாதனங்களின் விற்பனையையே தடுத்தது. இந்தியா 2014இல் அழகுசாதனங்களுக்கான விலங்குச் சோதனையைத் தடை செய்தது. மருத்துவக் கருவிகளுக்கு விலங்குச் சோதனை முழுதாகப் போய்விடவில்லை. ஆனால் செல் சோதனைதான் முதல் வாசல். அதில் தேறாத பொருளைப் பெரும்பாலும் கம்பெனிக்காரரே திரும்ப எடுத்துக்கொண்டு போய்ச் சரிசெய்வார். அத்தனை முயல்கள் தப்பும்.

சோதனை மூன்று நாள் நடக்கும். முதல் நாள் டிரிப்சின் விட்டுச் செல்களைத் தரையிலிருந்து கழற்றி, டிரிபான் புளூ சாயத்தோடு கலந்து, கோடு போட்ட கண்ணாடியில் எண்ணுவோம். செத்த செல்லுக்குள் சாயம் புகுந்து நீலமாகும், உயிருள்ளது புகவிடாது. பிறகு 96 குழிகள் உள்ள பிளேட்டில் குழிக்குப் பத்தாயிரம் செல். ஓரக் குழிகள் சீக்கிரம் வற்றும் என்பதால் அவற்றில் வெறும் மீடியாதான். அன்றே சாம்பிளும் ஊறத் தொடங்கும். அரை மில்லிமீட்டருக்கும் மெல்லியதானால் மில்லிலிட்டருக்கு 6 சதுர சென்டிமீட்டர், தடித்தது என்றால் 3. சீரம் கலந்த மீடியாவில், உடல் வெப்பத்தில், 24 மணி நேரம். நீரில் கரைவதும் கொழுப்பில் கரைவதும் இரண்டுமே அதில் இறங்கும்.

இரண்டாம் நாள் குழிகளில் பழைய மீடியாவை எடுத்துவிட்டு ஊறல் சாற்றை விடுவோம். முழுச் செறிவில் ஒன்று, பாதியாக்கி ஒன்று, காலாக்கி ஒன்று. கூடவே இரண்டு துணைப் பொருள்கள் கட்டாயம். ஒன்று பாலிஎத்திலீன், அது செல்லை எதுவும் செய்யக்கூடாது. மற்றது செல்லைக் கொல்லும் என்று முன்பே தெரிந்த பொருள், அது கொன்றே ஆக வேண்டும். கொல்ல வேண்டியது கொல்லவில்லை என்றால், மற்ற குழிகளில் எவ்வளவு நல்ல எண் வந்திருந்தாலும் அந்த பிளேட் குப்பைக்கு. புதிதாக வந்தவர்களுக்கு இதுதான் புரியக் கஷ்டமாக இருக்கும். வாடிக்கையாளரின் பொருள் தேறியிருக்கிறது, எல்லோருக்கும் சந்தோஷம், எதற்குத் தூக்கி எறிகிறீர்கள் என்பார்கள். நச்சு எதிரில் நின்றும் அதைக் காட்டத் தெரியாத செல், நச்சில்லை என்று சொன்னால் அதற்கு என்ன மதிப்பு?

மூன்றாம் நாள் எம்டிடி. 1983இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட முறை. மஞ்சள் கரைசலைக் குழிகளில் விட்டு இரண்டு மணி நேரம் இன்குபேட்டரில் வைத்தால், உயிரோடு இருக்கும் செல்களின் நொதிகள் அதை ஊதா நிறப் படிகமாக மாற்றிவிடும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒவ்வொரு செல்லின் மேலும் கருநீல ஊசிகள் கொத்துக் கொத்தாகக் குத்தி நிற்கும். ஐசோபுரோப்பனால் விட்டுக் குலுக்கினால் ஊசிகள் கரைந்து குழி முழுக்க ஊதா. அந்த ஊதாவின் அடர்த்தியை 570 நானோமீட்டர் ஒளியில் இயந்திரம் அளக்கும். எதுவும் விடாத செல்களின் அடர்த்தியை நூறு என்று வைத்துக்கொண்டு மற்றதைக் கணக்கிடுவோம். ஐஎஸ்ஓ 10993-5 என்ற தரநிலைப்படி 70 சதவீதத்துக்குக் கீழே போனால் செல்நச்சுத் தன்மை இருக்கிறது என்று பொருள்.

நாகர்கோவில் பக்கமிருந்து ரப்பர் கையுறை செய்பவர் ஒருவர் சாம்பிள் அனுப்பியிருந்தார். முழுச் செறிவில் செல் ஒன்றுகூடத் தப்பவில்லை. ரிப்போர்ட் வாங்க அவரே வந்துவிட்டார், வெள்ளை வேட்டி, கையில் ரெக்ஸின் பை. “மக்களே, எத்தனையோ வருசமா விக்கோம். ஒருத்தன் கைக்கு ஒண்ணும் ஆகல. உங்க எலிக்கு மட்டும் ஆகுமா?” என்று என்னிடம் கேட்டார். மேடம் அவரை உள்ளே அழைத்துவந்து, கவுன் மாட்டிவிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். ஒரு குழியில் நீண்டு படிந்த செல்கள், அடுத்த குழியில் சுருங்கிய உருண்டைகள். அவர் இரண்டையும் மாற்றி மாற்றி நேரம் எடுத்துப் பார்த்தார்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கையின் மேல்தோல் செத்த அடுக்குகளால் ஆன கெட்டியான காப்பு. பிளேட்டில் இருப்பவை எந்தக் காப்பும் இல்லாத செல்கள், அவை 24 மணி நேரமும் சாற்றிலேயே கிடக்கின்றன. அதனால் இயற்கை ரப்பர் இந்தச் சோதனையில் தோற்பது சகஜம். சில கூடங்கள் கொல்ல வேண்டிய துணைப் பொருளாகவே லேட்டக்ஸை வைத்துக்கொள்வதுண்டு. காரணம், ரப்பரைப் பதப்படுத்தச் சேர்க்கும் ஆக்ஸிலரேட்டர்களின் மிச்சம். தைராம், கார்பமேட் வகைகள். “அப்ப லீச்சிங் பத்தல” என்றார் அவர் உடனே, தொழில் தெரிந்தவர் ஆதலால். சுடுநீர்த் தொட்டியில் கூடுதல் நேரம் ஓடவிட்டு மறுபடி அனுப்பினார், எண் ஏறியது. ஆக்ஸிலரேட்டரையும் குறைத்த பிறகு வரம்பைத் தாண்டியது.

தாண்டிய அன்று அவரிடம் மேடம் இன்னொன்றும் சொன்னார். லேட்டக்ஸின் புரதத்தால் சிலருக்கு அலர்ஜி வரும், உயிருக்கே ஆபத்தாகவும் ஆகலாம். அது உடலின் எதிர்ப்பு மண்டலம் செய்யும் வேலை. எங்கள் பிளேட்டில் எதிர்ப்பு மண்டலம் கிடையாது, எலியின் ஒரே வகைச் செல்தான் இருக்கிறது. ஆகவே அலர்ஜி பற்றி இந்த எண் ஒன்றும் சொல்லாது, அதற்கு வேறு சோதனை. அவர் கொஞ்சம் சோர்ந்துதான் போனார். ஆனால் பையில் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

ஒரு கட்டத்தில் எங்கள் எண்களே ஒழுங்கில்லாமல் போயின. மீடியா தெளிவாக இருந்தது, நிறம் சரி, செல்கள் மட்டும் மந்தமாக வளர்ந்தன. துணைப் பொருள்களின் அளவீடு வாரத்துக்கு வாரம் அலைந்தது. கண்ணால் பார்க்கச் சொன்ன மேடத்தின் விதிகூட இங்கே உதவவில்லை, சாதாரண மைக்ராஸ்கோப்பில் ஒன்றும் தெரியவில்லை. கடைசியில் செல்களை ஹோக்ஸ்ட் சாயம் ஏற்றி ஒளிரும் மைக்ராஸ்கோப்பில் வைத்தபோது, செல்லின் உட்கரு நீலமாகச் சுடர, அதைச் சுற்றி வெறுமையாக இருக்க வேண்டிய இடமெல்லாம் நுண்புள்ளிகள். மைகோபிளாஸ்மா. செல்சுவர் இல்லாத நுண்ணுயிர் என்பதால் பென்சிலின் அதன்மேல் வேலை செய்யாது. மீடியாவைக் கலங்கவும் வைக்காது. செல்லின் தீனியைத் தின்றுகொண்டு அதன் நடத்தையை மாற்றிவிடும். இருந்த பிளாஸ்குகள் அனைத்தையும் ஆட்டோகிளேவில் போட்டுக் கொன்றோம். அந்தக் காலகட்டத்தின் ரிப்போர்ட்டுகளை மேடம் திரும்பப் பெற்று, எங்கள் செலவில் சோதனைகளை மறுபடி நடத்தினார். நிர்வாகம் முகம் சுளித்தது.

கெடுதல் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை, ஒரு செல் இன்னொன்றின் இடத்தைப் பிடிப்பதும் உண்டு. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றுக்கட்டியிலிருந்து, அவரிடம் கேட்காமலே எடுத்து வளர்த்த ஹீலா செல்கள் அத்தனை வீரியமானவை. வேறு வேறு திசுக்கள் என்று நம்பிப் பல கூடங்கள் வளர்த்துவந்தவை உண்மையில் ஹீலாதான் என்று 1966இல் ஸ்டான்லி கார்ட்லர் ஒரு நொதியின் வகையை வைத்துக் காட்டியபோது பலரால் ஏற்க முடியவில்லை. அவர்களுடைய பல ஆண்டு உழைப்பு அதோடு போயிற்று. நாங்கள் புதிய செல்லை வேறு கூடத்திலிருந்து கைமாற்றாக வாங்குவதில்லை. புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்தின் சேமிப்பிலிருந்துதான் வரவழைப்போம்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் கூடத்துக்கு மின்சாரம் போய், ஜெனரேட்டரும் தண்ணீருக்குள். நாங்கள் உள்ளே போக முடிந்தபோது இன்குபேட்டரில் இருந்தவை எல்லாம் முடிந்திருந்தன. பிளாஸ்குகளில் ஊதா கலந்த சிவப்பு. மேடம் அவற்றைப் பார்க்கக்கூட இல்லை, நேரே திரவ நைட்ரஜன் கேனுக்குப் போனார். அதற்கு மின்சாரம் வேண்டாம், நைட்ரஜன் ஆவியாகித் தீராமல் இருந்தால் போதும். மரக்கோலை உள்ளே விட்டு வெளியே எடுத்து லேசாக ஆட்டினார். உறைபனி ஏறிய உயரம்தான் உள்ளே இருக்கும் நைட்ரஜனின் மட்டம். போதுமான அளவு இருந்தது. மைனஸ் 196 டிகிரியில் எங்கள் செல்கள் இருந்தபடியே இருந்தன.

உறைய வைக்கும்போது நிமிடத்துக்கு ஒரு டிகிரி வீதம் மெதுவாக, எடுக்கும்போது 37 டிகிரித் தண்ணீரில் வேகமாக. மாற்றிச் செய்தால் பனிப்படிகம் செல்லைக் கிழித்துவிடும். எழுப்பிய செல்கள் மறுநாள் தரையில் ஒட்டியிருந்தன. உடனே வாடிக்கையாளர் வேலையைத் தொடங்கலாம் என்று நிர்வாகம் அவசரப்பட்டது. துணைப் பொருள்களின் அளவீடு பழைய வரம்புக்குள் தொடர்ந்து வரும்வரை மேடம் ஒரு சாம்பிளையும் தொடவிடவில்லை.

ஆனாலும் எனக்கு அதிகம் கற்றுத்தந்தது ஓர் ஆராய்ச்சி மாணவர் கொண்டுவந்த இலைச்சாறு. அவருக்கு எம்சிஎஃப்-7 செல்லில் சோதிக்க வேண்டும். 1970இல் மார்பகப் புற்றால் அவதிப்பட்ட ஒரு கன்னியாஸ்திரியிடமிருந்து எடுத்து, டெட்ராய்ட்டின் மிச்சிகன் புற்றுநோய் அறக்கட்டளையில் வளர்த்தெடுத்த செல் அது. சாறு விட்ட குழிகளில் இயந்திரம் காட்டியது நூறுக்கும் மேல். அதாவது சாறு செல்லை வளர்க்கிறது என்றாகும். மாணவர் முகம் வாடிவிட்டது. எம்டிடி விடுவதற்கு முன் நான் எழுதி வைத்திருந்த குறிப்போ, செல்கள் உருண்டு கழன்று கிடந்ததாகச் சொன்னது. இரண்டில் ஒன்று பொய். செல்லே இல்லாத குழியில் சாற்றையும் எம்டிடியையும் மட்டும் சேர்த்து வைத்தோம். செல் இல்லாமலே ஊதா ஏறியது! இலையில் இருந்த பாலிஃபீனால்கள் தாமே அந்த மஞ்சளை ஊதாவாக்கியிருக்கின்றன. உயிருள்ள செல் மட்டும் உள்ளே இழுத்துக்கொள்ளும் நியூட்ரல் ரெட் என்ற வேறு சாயத்துக்கு மாறினோம். சாறு செல்களைக் கொன்றிருந்தது உறுதியானது.

இப்போது மாணவர் துள்ளினார், தலைப்பே தயார்: புற்றுநோயைக் கொல்லும் இலை. மேடம் அதே சாற்றை, அதே அளவில், எல்929 செல்லிலும் விடச் சொன்னார். அவையும் செத்தன. அளவை அவ்வளவு ஏற்றினால் சமையலறையில் இருக்கும் வினிகரும் புற்றுச் செல்லைக் கொல்லும். வயிற்றில் செரித்து, கல்லீரலைக் கடந்து, இரத்தத்தில் அந்த அளவு சேருமா என்பதைக் குழி சொல்லாது. நம் வீட்டு வாசலில் பூக்கும் நித்தியகல்யாணியிலிருந்து வின்பிளாஸ்டினும் வின்கிறிஸ்டினும் வந்தது உண்மை. கனடாவில் நீரிழிவுக்காக அந்தச் செடியின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது, வெள்ளை அணுக்கள் குறைவதைக் கண்டு, பிடியை விடாமல் பொருளைப் பிரித்தெடுத்து, மனிதர்களில் அளவை நிர்ணயித்து, 1960களில் அது மருந்தானது. செடியை அரைத்துக் குடித்தால் விஷம்தான்.

நான் இப்போது அந்த வேலையில் இல்லை. ஆனால் உறவினர் குழுவில் வாரம் ஒரு கீரையாவது புற்றுநோயைக் குணப்படுத்திக்கொண்டிருக்கிறது. அனுப்பும் சித்தப்பாவுக்கு நானும் சளைக்காமல் பதில் போடுகிறேன்: எந்தச் செல்லில் பார்த்தார்கள் சித்தப்பா, எவ்வளவு விட்டார்கள், நல்ல செல்லுக்கு என்ன ஆயிற்று, செல் இல்லாத குழியில் என்ன வந்தது? இரண்டு நீலக் குறி விழும். சற்று நேரத்தில் அடுத்த கீரை வரும்.